எழுத்தும் இடமும்

பூட்டுத் தொழிலாற் பெயர்பெற்றது நமது திண்டுக்கல். 2019ஆம் ஆண்டில் இவ்வூர்ப் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. இவ்வூரின் பெயரையே சான்றாகக் கொண்டு, ‘சி’ என்னும் கணினி மொழியின் நூலகத்திலுள்ள சில செயற்கூறுகளின் இயல்பை ஈண்டு ஆராயப் புகுவோம்.

‘திண்டுக்கல்’ என்பதில் எழுத்துக்கள் ஆறென்பது இலக்கணம் பயிலும் சிறுவனும் அறிவான். கணினியோ, யூடிஎஃப்-8 முறையில், உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே கொண்டு, இச்சொல்லைப் பதினொரு குறிகளாக வைக்கும். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே, நீளமளக்கும் ‘ஸ்டிர்லென்’ 33 என்றே விடையிறுக்கும். சொல்லின் முடிவைக் காட்டும் சுன்னப் பைட்டை அஃது எண்ணாது. அதனையும் கூட்ட, வேண்டிய இடம் 34 ஆகும்.

இவ்வேறுபாட்டை அறியாதார்க்கு நேரும் கேடு சிறிதன்று. 20 பைட்டு இடத்தில் இப்பெயரை ‘ஸ்டிர்காப்பி’யாற் படியெடுப்போமாயின், அஃது எல்லையை நோக்காது, சுன்னம் வரையில் எழுதிச் சென்று, அயலிலுள்ள 14 பைட்டுகளையும் அழிக்கக்கூடும். ‘ஸ்டிரென்காப்பி’யில் வரம்பு 10 என்று குறிப்போமாயின், ‘திண’ என்பதோடு புள்ளியின் மூன்றிலொரு கூறு மட்டும் வந்து நிற்கும். இறுதிச் சுன்னமும் இடப்படாது. ஆவணத்தில் ஒருவர் பெயர் இங்ஙனம் சிதையுமாயின், அவர்தம் உரிமையும் ஐயத்திற்கிடமாகுமன்றோ?

‘மெம்காப்பி’, ‘மெம்மூவ்’ என்பன சுன்னத்தை நோக்குவனவல்ல. நாம் கூறும் பைட்டுத் தொகையையே பெயர்ப்பன. எடுக்குமிடமும் வைக்குமிடமும் ஒன்றன்மேலொன்று படியுமாயின் ‘மெம்மூவ்’ ஒன்றே ஏற்றது. நெருங்கி அமர்ந்த வரிசையை வலப்புறம் ஓரிடம் நகர்த்துவோர் வலக்கோடியிலிருந்து தொடங்குதல்போல, எதனையும் அழியாவண்ணம் பெயர்ப்பது அதன் இயல்பு. ‘மெம்காப்பி’ அவ்வுறுதி தருவதன்று.

இவை ஏட்டளவில் நிற்கும் அச்சங்களல்ல. 1988ஆம் ஆண்டு நவம்பரில் பரவிய மோரிஸ் ‘புழு’ புகுந்த வழிகளுள் ஒன்று, எல்லையின்றி வாசிக்கும் ‘கெட்ஸ்’ என்னும் செயற்கூறேயாம். 2011ஆம் ஆண்டின் ‘சி’ நியமம் அதனை நூலகத்தினின்றும் அறவே நீக்கிற்று.

பூட்டு எத்துணை உறுதியாயினும், சுவர் இடிந்த வீட்டிற்கு அதனாற் பயனென்? கணினியிலோ அச்சுவர் நாம் குறிக்கும் அளவேயாம். ஆதலின், நிரல் எழுதப் புகும் மாணவ நண்பர்காள்! கண் எண்ணும் எழுத்தை நம்பாது, கணினி எண்ணும் பைட்டை அளந்து, சுன்னத்திற்கும் இடம் வைத்து, அதன் பின்னரே படியெடுப்பீராக.