சீற்றுக்குள் இறங்கிய மணம்: ஒரு வாடகை வானைத் துப்புரவு செய்த கதை

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு கிளினிக் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் என் வானின் முக்கியமான ஓட்டம். பழைய டொல்பின் வான். துணிச் சீற், தரையில் கார்ப்பெற். வழக்கமாக வருபவர்களில் ஒரு அண்ணை இருக்கிறார். 2009இல் முதுகுத்தண்டில் பட்ட காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர் குழாய் வழியாகப் பையில் சேரும். அக்காதான் கூட வருவார்.

ஒரு நாள் அந்தப் பையின் அடிக் குழாய் சரியாகப் பூட்டப்படவில்லை. அண்ணைக்கு நனைந்தது தெரியாது. வைத்தியசாலை வாசலில் அவரை இறக்கும்போதுதான் அக்கா கண்டிருக்கிறார். தன் துவாயால் சத்தமில்லாமல் துடைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை ஏற்றமாட்டேன் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார்.

நான் அடுத்த நாள் மணத்தில்தான் கண்டுபிடித்தேன். நேரே சேர்விஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனேன். பெடியன் பிரஷர் குழாயைத் தூக்கி சீற்றில் அடித்தான், சவர்க்கார நுரை போட்டுத் தேய்த்தான், திரும்பவும் தண்ணீர் அடித்தான். ஒரு நாள் வெயில், அதற்கு மேல் வாசனைத் திரவியம். மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் மழை பெய்தது. கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஓடினோம். முன்பைவிட மோசமான மணம். பின்னால் இருந்த ஒரு அம்மா, "தம்பி, வானுக்கை எலி கிலி செத்துக் கிடக்கோ?" என்று கேட்டார். அன்றைக்கு அண்ணையும் வானுக்குள் இருந்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அடுத்த கிளினிக் திகதிக்கு நான் போன் எடுத்தபோது, "வேறை ஒழுங்கு செய்திட்டம் தம்பி" என்றார் அக்கா. அந்த வேறு ஒழுங்கு பஸ். இடுப்புக்குக் கீழே இயங்காத ஒருவரை இரண்டு பேர் தூக்கி பஸ்ஸில் ஏற்றுவது எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகுதான் சீற் என்பது என்ன, அதை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒழுங்காகப் படித்தேன். எங்கள் வீடுகளில் நோயாளிகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள். வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் தொடுவது மேல்துணியை மட்டும்தான். பெரும்பாலும் பொலியெஸ்ரர். அதற்குக் கீழே ஒரு மெல்லிய பஞ்சு, அதற்கும் கீழே நாலைந்து அங்குலத் தடிப்பில் பெரிய ஸ்பொஞ்ச். பிரஷர் குழாயால் அடித்தால் அழுக்கு வெளியே வராது, தண்ணீரோடு ஸ்பொஞ்சின் அடிக்குப் போகும். பிறகு மேல்துணி காயத் தொடங்கும்போது, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, கீழே இருக்கும் ஈரத்தைத் துணி மேலே இழுக்கும். ஈரத்தோடு அழுக்கும் மேலே வந்து நிற்கும். கழுவிய சீற்றில் இரண்டு நாள் கழித்து பழுப்பு நிற வளையம் தெரிவது இதனால்தான்.

சிறுநீருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்க அமோனியா கிளம்பும். மூக்கைக் குத்துவது அதுதான். கூடவே யூரிக் அமிலம் சின்னச் சின்னப் பளிங்குகளாக நாரில் ஒட்டிக்கொள்ளும். அது தண்ணீரில் இலகுவாகக் கரையாது. காய்ந்திருக்கும்போது மணம் அடங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் திரும்பவும் எழும்பும். என் வான் மழை நாளில் மணந்த காரணம் இப்போது விளங்குகிறதுதானே. வாசனைத் திரவியம் அடித்தால் மல்லிகையும் சிறுநீரும் சேர்ந்து மணக்கும், அவ்வளவுதான்.

சிந்திய உடனே கண்டால் வேலை சுகம். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பரவும், உள்ளேயும் இறங்கும். காய்ந்த துவாயை நாலாக மடித்து வைத்து, மேலே ஏறி நின்று பாரத்தால் அழுத்துங்கள். துவாய் நனைய நனைய மாற்றுங்கள். பிறகு கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் திரும்பவும் அதேபோல ஒற்றியெடுங்கள். கடைசியாக ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஒற்றி, காயவிடுங்கள். காய்ந்த பிறகு அப்பச் சோடாவைத் தூவி ஒரு இரவு விட்டு வக்கூம் பிடித்தால் மிச்ச மணமும் குறையும். சிலர் வினாகிரியையும் அப்பச் சோடாவையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்துச் சந்தோசப்படுகிறார்கள். ஒன்றை ஒன்று முறித்துவிடும். கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான்.

என் வானில் இருந்தது பழைய ஊறல். அதற்கு மேலால் செய்யும் எதுவும் சரிவராது. நட்டுக்களைக் கழற்றி சீற்றை வெளியே எடுத்தேன். மேல்துணியை ஸ்பொஞ்சோடு பிடித்திருப்பவை சின்னக் கம்பி வளையங்கள், குறட்டால் கழற்றலாம். திரும்பப் பூட்டப் புது வளையம் வேண்டும், சீற் தைக்கும் கடைகளில் கிடைக்கும். ஸ்பொஞ்சை ஒரு பெரிய பேசினில் போட்டு, நொதி கலந்த துப்புரவுத் திரவத்தைப் போத்தலில் சொன்ன அளவுக்குக் கலந்து ஊறவிட்டேன். நாய், பூனைச் சிறுநீருக்கென்று விற்கும் திரவம்தான் அது. நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும். காயாமல் இருக்க வேண்டும். அதனால் பொலித்தீனால் மூடி ஒரு இரவு விட்டேன். இந்தக் கட்டத்தில் சுடுதண்ணீர் கூடாது, வினாகிரியும் வேண்டாம். இரண்டும் நொதியைக் கெடுக்கும். அடுத்த நாள் காலால் மிதித்து மிதித்து, தண்ணீர் தெளியும்வரை அலசினேன். முறுக்கிப் பிழியக் கூடாது, ஸ்பொஞ்ச் கிழிந்துவிடும். கடும் வெயிலில் நாட்கணக்காகப் போட்டாலும் மஞ்சளாகிப் பொடியாக உதிரும். காற்றோட்டமான நிழலில், கம்பி வலையின் மேல் வைத்துக் காயவைப்பது நல்லது.

காய்வதை நான் ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், உணர்வில்லாத உடம்பு ஈரத்தில் நெடுநேரம் இருந்தால் தோல் ஊறிப் பலவீனமாகிவிடும். அங்கேதான் அழுத்தப் புண் தொடங்கும். எங்களுக்கு ஈரச் சீற் ஒரு அசௌகரியம், அவ்வளவே. அண்ணைக்கு அது மாதக்கணக்கில் குப்புறக் கிடக்க வேண்டிய ஒரு புண். உள்ளே ஈரம் நிற்கிறதா என்று பார்க்க வெள்ளைத் துணியை வைத்து முழங்காலால் அழுத்துங்கள். துணியில் ஈரம் பட்டால் இன்னொரு நாள் பொறுக்க வேண்டும். சவர்க்காரமும் தங்கக் கூடாது. தங்கினால் தோலுக்கும் கூடாது, தூசியையும் இழுத்து ஒட்டவைக்கும்.

மற்றக் கறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தம், பால், முட்டைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் அவித்ததுபோல இறுகிப் பிடிக்கும். கொத்துரொட்டி எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவத்தின் நுரை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கலந்த வினாகிரி. சத்திக்கு முதலில் கட்டியைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, பிறகு சிறுநீருக்குச் சொன்னதையே செய்யுங்கள். எதையும் முதலில் சீற்றின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பரீட்சித்துப் பாருங்கள். சில துணிகளில் சாயம் போகும்.

வன்னியின் சிவப்புத் தூசி தனிக் கதை. அந்த நிறம் இரும்புத் துரு வகை, ப்ளீச்சுக்கு அசையாது. ஈரத் துணியால் துடைத்தால் தூசி சேறாகி நாருக்குள் போய்விடும். அதனால் தண்ணீர் தொட முன்பே, காய்ந்தபடி, பிரஷால் கிளப்பிக் கிளப்பி வக்கூம் பிடிக்க வேண்டும். முழு வேலையில் பாதி நேரம் இதற்கே போகட்டும். கார்ப்பெற்றில் தங்கும் மணல் ஒவ்வொரு மிதிக்கும் அரம்போல நாரை அறுக்கும். சாரதியின் குதிக்கால் படும் இடம் முதலில் கிழிவது அதனால்தான்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுபவர்களுக்கும் ஒரு சொல். சுண்ணாம்புக்கல் நிலம், தண்ணீர் கடினம். கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் பசைபோல நாரில் படியும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் நல்லது.

வெள்ளம் ஏறிய வாகனம் வேறு விசயம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது பல வாகனங்களுக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்தது. மேலே கார்ப்பெற் காய்ந்துவிட்டது என்று பலர் விட்டுவிடுவார்கள். கார்ப்பெற்றுக்குக் கீழே சணல் கம்பளம்போல ஒரு தடித்த விரிப்பு இருக்கும். அது வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தரைத் தகடு அடியிலிருந்து துருப்பிடிக்கும். ஈரப்பட்ட துணியில் ஒன்று இரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இழுப்பு உள்ள பிள்ளைகள் அந்த வாகனத்தில் ஏறினால் உடனே தெரியும். கதவடிப் பிளாஸ்டிக்கைக் கழற்றிக் கார்ப்பெற்றை முழுதாகத் தூக்குங்கள். தரையில் இருக்கும் றப்பர் மூடிகளைத் திறந்தால் தேங்கிய தண்ணீர் வடியும். வேலை செய்யும்போது கையுறையும் சப்பாத்தும் போடுங்கள், காலில் காயம் இருந்தால் இறங்க வேண்டாம். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். 2024 டிசம்பரில், வெள்ளத்தின் பின்னர், யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சலால் உயிர்கள் போனதை மறந்திருக்கமாட்டீர்கள்.

ப்ளீச் பற்றி ஒரு எச்சரிக்கை. சிறுநீர் ஊறிய சீற்றில் ப்ளீச் ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும். வினாகிரியோடோ மலசலகூடம் கழுவும் அசிட்டோடோ சேர்ந்தால் குளோரின் வாயு. மூடிய வாகனத்துக்குள் இது விளையாட்டில்லை. சீற் பெல்டிலும் ப்ளீச் படக் கூடாது. நாரின் பலம் போய்விடும். பெல்டை முழுதாக இழுத்து, மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அக்குவாவில் பெரிய பற்றரி பின் சீற்றுக்குக் கீழே. பக்கத்தில் இருக்கும் காற்று வழியைத் தூசி அடைத்தால் பற்றரி சூடேறும். ஹைபிரிட் வகன் ஆரில் முன் பயணி சீற்றுக்குக் கீழே ஒரு பற்றரி இருக்கிறது. அங்கேயெல்லாம் குழாயடிக்கக் கூடாது. சீற்றின் அடியில் மஞ்சள் நிற இணைப்பு வயர் கண்டால் அது காற்றுப்பை சம்பந்தப்பட்டது, நீங்களாகக் கழற்ற வேண்டாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது. இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

முழுத் துப்புரவுக்கு நல்ல காலம் சோளகம். அந்தக் காற்றில் கதவுகளைத் திறந்துவிட்டால் ஸ்பொஞ்ச் இரண்டு மூன்று நாளில் காயும். மாரியில் செய்யவே வேண்டியிருந்தால், துவாயால் இயன்றவரை ஒற்றியெடுத்த பிறகு ஏசியைப் போட்டு ஓடவிடுங்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும்.

வேலை முடிந்ததும் ஸ்பொஞ்சுக்கும் துணிக்கும் இடையில் மெல்லிய ரெக்சின் தைப்பித்தேன். மேலே கழற்றித் தோய்க்கக்கூடிய பருத்தி உறை, இரண்டு சோடி. பிறகு அக்காவுக்குப் போன் எடுத்து, வானைப் பார்க்க ஒருக்கா வரச் சொன்னேன். வந்தார். குனிந்து சீற்றை மணந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது திரும்பவும் என் வானில்தான் வருகிறார்கள். போன மாதம் ஆனையிறவு தாண்டும்போது அக்கா முன்னுக்குச் சரிந்து, "தம்பி, கொஞ்சம் சிந்திப் போச்சு" என்றார். ஓரமாக நிறுத்தி, சீற்றுக்குப் பின்னால் இருந்த துவாயையும் மாற்று உறையையும் எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிசத்தில் மீண்டும் வெளிக்கிட்டோம்.