கொய்த மலரும் கைமருந்தும்

சென்ற மாதம் செஞ்சியை அடுத்த தொண்டூரில், மலர் பயிரிடும் அங்கத்தினர் சிலருடன் வரவு செலவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை எழுந்தது. வெட்டிய பூ வாடாமலிருக்கக் கடையில் விற்கும் பொடியைச் சங்கத்தின் பொதுப் பணத்தில் மொத்தமாக வாங்கலாமா என்பதே அது. "பொடி எதற்கு? தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை போட்டால் போதுமே" என்றார் ஒருவர். மற்றொருவர் உடனே மறுத்தார். கல்யாணப் பந்தல் அலங்காரத்திற்காக இரண்டு நாள் முன்னதாக வெட்டிய ரோஜாக்களை அவர் சர்க்கரைத் தண்ணீரில் வைத்திருந்தாராம். தண்ணீர் கலங்கி, காம்பு வழுவழுத்து, பாதிப் பூக்கள் கழுத்து வளைந்து தொங்கிவிட்டனவாம். வியாபாரி அவற்றை ஏற்கவில்லை.

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. காரணம் அறிந்தால் இது விளங்கும்.

செடியிலிருந்து வெட்டிய பின்னும் மலர் உயிருடன் சுவாசிக்கின்றது. சுவாசத்திற்கு வேண்டிய சர்க்கரை இலையிலிருந்து வருவது நின்றுவிடுகின்றது; ஆகவே தண்ணீரில் கரைத்த சர்க்கரை அதற்கு உணவாகின்றது. ஆனால் அதே சர்க்கரை நுண்கிருமிகளுக்கும் உணவாகும். அவை பெருகிக் காம்பிலுள்ள நீர்க்குழாய்களை அடைத்துவிடும். வெட்டுவாயில் புகும் காற்றுக்குமிழும் இவ்வாறே அடைக்கும். பாத்திரம் நிறையத் தண்ணீர் இருந்தும் மலர் தாகத்தால் வாடும். ரோஜாவின் கழுத்து வளைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆதலால் கிருமியை அடக்கும் பொருளின்றிச் சர்க்கரையை மட்டும் சேர்ப்பது நன்மைக்குப் பதில் தீமையே விளைவிக்கக்கூடும்.

எலுமிச்சைச் சாறு நீரைப் புளிப்பாக்குகின்றது. புளித்த நீர் காம்பில் எளிதாக ஏறும். கிருமிகளும் அதில் எளிதில் பெருகா. பிளீச்சிங் திரவம் கிருமியைக் கொல்லும். ஆஸ்பிரின் மாத்திரை நீரைச் சிறிது புளிப்பாக்கும் என்பது மெய்யே. எனினும் அதனால் நிச்சயமான பலன் காண்பது அரிது. செப்புக் காசு போடுவது பழைய வழக்கம். காசிலிருந்து நீரில் கரையும் செம்பு மிகச் சொற்பம். இன்றைய ஒரு ரூபாய் நாணயமோ துருப்பிடிக்காத எஃகாலானது. அதில் செம்புக்கே இடமில்லை.

இவற்றை நம் வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். நெசவாளர் புதுச் சாயத்தை முதலில் ஒரு சிட்டம் நூலில் தோய்த்துப் பார்த்த பிறகன்றோ பாவு முழுவதற்கும் இறங்குவர்! அதே நிதானம் இங்கும் வேண்டும்.

ஒரே அளவான நான்கு பாட்டில்களைச் சோப்பிட்டுக் கழுவி, ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் தண்ணீர் விடுக. முதலாவதில் வெறுந்தண்ணீர் மட்டும் இருக்கட்டும். இரண்டாவதில் 20 கிராம் சர்க்கரை. மூன்றாவதில் இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. நான்காவதில் அதே அளவு சர்க்கரையும் சாறும் கரைத்தபின், 20 துளி பிளீச்சிங் திரவம். இங்கே ஓர் எச்சரிக்கை: சாற்றையும் பிளீச்சிங் திரவத்தையும் தண்ணீரில்லாமல் நேரடியாகக் கலத்தல் கூடாது, நச்சுவாயு எழும். காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் அணுகாதபடி இதைச் செய்க.

ஒரே தோட்டத்தில், ஒரே காலையில், ஒரே பருவத்தில் வெட்டிய ஐந்து காம்புகளை ஒவ்வொரு பாட்டிலிலும் வைக்க வேண்டும். கூரிய கத்தியால் காம்பின் அடியைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளைக் களைந்துவிடுக. நான்கு பாட்டில்களும் ஒரே நிழலில் இருக்கட்டும். தினமும் வாடிய பூக்களை எண்ணிக் குறித்து வருக. ஒரு முறை கண்டது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று முறை செய்து ஒத்து வந்தால் நம்பலாம். கடைப் பொடியையும் ஐந்தாம் பாட்டிலில் வைத்துப் பாருங்கள். வெறுந்தண்ணீரை வெல்லாத எதற்கும் சங்கப் பணம் செலவிடத் தகாது.

காசின்றிக் கிடைக்கும் நன்மைகளை மறக்கலாகாது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் மலரின் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகும். எனவே விடியலில் வெட்டி நிழலில் வைப்பதே முதல் மருந்து. நாள்தோறும் தண்ணீரை மாற்றி, காம்பின் அடியைச் சிறிது நறுக்குவது இரண்டாவது. வாழைத்தார் பழுக்கும் அறையில் பூவை வைக்காதிருப்பது மூன்றாவது. பழுக்கும் கனியிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு பல மலர்களை விரைவில் முதிரச் செய்யும்.

இறுதியாக ஒன்று. மேற்சொன்ன மருந்துகள் காம்போடு விற்கும் ரோஜாவுக்கும் 'சுவாசினி' போன்ற அடுக்குச் சம்பங்கிக்குமே உரியவை. மல்லிகையும், உதிரியாக விற்கும் 'பிரஜ்வல்' போன்ற ஒற்றைச் சம்பங்கியும் காம்பு வழியே நீர் பருகுவதில்லை. அவற்றுக்கு ஈரத்துணியும் வாழையிலையும் குளிர்ந்த இடமுமே துணை. நம் அங்கத்தினருள் உதிரிப்பூ விற்போர் பொடிக்காகச் செலவிடும் பணம் வீண் என்பது இதனால் விளங்கும்.

தொண்டூர் அங்கத்தினர்கள் பொடி வாங்கும் யோசனையை ஒத்திவைத்து, முதலில் பாட்டில்களை அடுக்க இசைந்துள்ளனர். மற்ற ஊர் அன்பர்களும் செய்து பார்த்து, கண்டதைக் கண்டபடியே இவ்விதழுக்கு எழுதுவார்களாக. பலித்ததைப் போலவே பலிக்காததும் நமக்குப் பாடமே.