மேலே கடினம், உள்ளே எப்படி? ஆக்சில் ஸ்டீலை ஆழம் பார்க்கும் ‘ஜாமினி டெஸ்ட்’

அமாவாசை, பவுர்ணமி வந்தால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கமிருந்து சதுரகிரி பக்தர்களை ஏற்றிக்கொண்டு, மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறைக்கு பஸ்களும் வேன்களும் கிளம்பிவிடும். அத்தனை பேரையும் சுமக்கும் வண்டியின் சக்கரத்தைச் சுழற்றுவது ஆக்சில் தண்டு. ஓட்டத்தில் அது முறிந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கான ஸ்டீல் சரியானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மேல்புறம் கடினமாக இருந்தால் போதாதா?

போதாது. கொல்லுப்பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்குவதைப் பார்த்திருப்பீங்க. அரிவாளின் வாய் மெல்லியது; சட்டென முழுசாகக் குளிர்ந்து கடினமாகிவிடும். ஆக்சில் தடிமனானது. வெளிப்புறம் உடனே குளிரும். உள்ளே மெதுவாகத்தான் குளிரும். கடினமான அடுக்கு தேவையைவிட மெல்லிசாக இருந்தால், அதற்குக் கீழே விரிசல் தொடங்கலாம். கடினத்தன்மை எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத்தான் ‘ஹார்டனபிலிட்டி’ என்கிறார்கள்.

சோதனை எப்படி நடக்கும்?

ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் வால்டர் ஜாமினி, போகெஹோல்ட் இருவரும் 1938-ல் வெளியிட்ட முறை இது. இந்தியத் தர எண் ஐ.எஸ். 3848.

* 25 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளத்தில் ஒரு ஸ்டீல் உருளையைக் கடைந்து, ரகத்தைப் பொறுத்து 850 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள்.
* 5 விநாடிக்குள் வெளியே எடுத்துத் தொங்கவிட்டு, கீழ் முனையில் மட்டும் 10 நிமிடம் தண்ணீர் பீய்ச்சுவார்கள். கீழ் முனை வேகமாகவும், மேலே போகப்போக மெதுவாகவும் குளிரும்.
* பிறகு பக்கவாட்டில் 0.4 மி.மீ. தேய்த்துத் தட்டையாக்கி, முனையிலிருந்து வரிசையாக ராக்வெல் கருவியில் கடினத்தன்மையை அளப்பார்கள்.

முடிவு என்ன சொல்லும்?

ஈ.என். 8, ஈ.என். 19 இரண்டிலும் கார்பன் கிட்டத்தட்ட 0.4 சதவீதம்தான். அதனால் தண்ணீர் பட்ட முனையில் கடினத்தன்மை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் சில மி.மீ. தள்ளிப் போனதும் ஈ.என். 8 சரிந்துவிடும். குரோமியம், மாலிப்டினம் கலந்த ஈ.என். 19 தாக்குப்பிடிக்கும்.

அதற்காக ஆழம் அதிகமானால் நல்லது என்று அர்த்தமில்லை. கியர் பல்லின் உள்பகுதியும் அளவுக்கு மீறிக் கடினமானால் அதிர்ச்சியைத் தாங்காது. அதனால்தான் மேல் வரம்பு, கீழ் வரம்பு இரண்டையும் வைக்கிறார்கள்.

ஏன் திரும்பத் திரும்பச் சோதிக்கணும்?

சேலம் மாவட்டம் பொட்டனேரியில் உள்ள ஜே.எஸ்.டபிள்யூ. ஆலை போன்ற இடங்களில் வாகனங்களுக்கான ஸ்பெஷல் ஸ்டீல் தயாராகிறது. எந்த ஆலையானாலும், ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கலவை துளியளவு மாறும். அந்தத் துளியே ஆழத்தை மாற்றிவிடும்.

வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: வேறு ரக ஸ்டீலில் கடைந்த ஆக்சிலும் பார்க்க ஒரிஜினல் மாதிரியேதான் இருக்கும். மேலே அளந்தால் அதே எண்கூட வரலாம். மாற்றும்போது விலையோடு சேர்த்து, அது எந்த ரக ஸ்டீல் என்றும் கேளுங்க.