திரும்பி வராத பைட்டுகள்

கைபேசி திணறினாலும் கணினி இழுத்தாலும் முதலில் கிடைக்கும் யோசனை, "ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்பதுதான். பெரும்பாலும் அது பலிக்கிறது. பலிப்பதற்கான காரணங்களில் ஒன்று நினைவகக் கசிவு. மென்பொருள் தன் வேலைக்காக நினைவகத்தில் இடம் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமலேயே அந்த இடத்தின் முகவரியைத் தொலைத்துவிட்டால், அந்த இடம் யாருக்கும் உதவாமல் போகிறது. ஒரு முறைக்குச் சில நூறு பைட்டுகள்தான் போகும். அதே வேலை நாளுக்கு லட்சம் முறை நடந்தால் கணக்கே வேறு.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவை இதை 1992இல் அனுபவித்தது. வண்டிகளை அனுப்பும் அவர்களுடைய கணினி அமைப்பு நவம்பர் 4 அதிகாலையில் மெதுவாகி, பிறகு உறைந்து நின்றது. ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் ஃபைல் சர்வரில் கொஞ்சம் நினைவகத்தை எடுத்து, விடுவிக்காமல் விட்டுக்கொண்டிருந்தது ஒரு நிரல் துண்டு. மூன்று வாரங்களில் மொத்த நினைவகமும் தீர்ந்தது. அவசர அழைப்புகளை மறுபடி காகிதத்தில் எழுதிக் கையாள வேண்டிய நிலை வந்தது.

அது மேலே ஓடும் மென்பொருளில் நேர்ந்த கசிவு. அடியில் இருக்கும் கெர்னலிலேயே கசிவு என்றால் விஷயம் இன்னும் கடுமை. வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவே நின்று நினைவகத்தைப் பங்கிட்டுத் தருவது இயங்குதளத்தின் கருவான கெர்னல்தான். திருமண மண்டபங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் எத்தனை அண்டா கேட்பாரற்றுக் கிடந்தாலும், மறுநாள் காலை மண்டபம் காலியாகும்போது அத்தனையும் கடைக்குத் திரும்பிவிடும். ஒரு செயலி மூடப்படும்போது அது வாங்கிய நினைவகம் முழுவதையும் கெர்னல் அப்படித்தான் மீட்டுக்கொள்கிறது. ஆனால் கடை ஆளே எங்கும் எழுதிவைக்காமல் எடுத்து ஒதுக்கிய அண்டாவை யார் தேடுவார்கள்?

லினக்ஸ் கெர்னல் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கும் நினைவகத்தை வட்டுக்குத் தள்ளிவைக்கவும் முடியாது. கசிந்த ஒவ்வொரு பைட்டும் உண்மையான ரேமிலிருந்து போகிறது. ரேம் தீரும் கட்டத்தில் கெர்னல் தன்னைக் காத்துக்கொள்ள ஏதாவது ஒரு செயலியைக் கொல்லத் தேர்ந்தெடுக்கிறது. கொல்லப்படுவது பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் டேட்டாபேஸ் போன்ற நிரபராதி. உண்மையான குற்றவாளி கெர்னலுக்குள் ஏதோ ஒரு மூலையில் தொடர்ந்து கசிந்துகொண்டிருப்பான். சர்வர்களைப் பராமரிப்பவர்களை அலைக்கழிக்கும் பிழைகளில் இது முன்வரிசையில் நிற்பது இதனால்தான்.

இனி ஓர் உண்மையான கசிவைப் பிரித்துப் பார்ப்போம். 2019 நவம்பரில், பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சி.வி.இ-2019-19062 என்ற எண்ணில் பதிவான குறை அது. லினக்ஸின் குறியாக்கப் பகுதியில் 'கிரிப்டோ ரிப்போர்ட்' என்றொரு செயற்கூறு இருக்கிறது. ஒரு குறியாக்க முறையைப் பற்றி வெளியிலிருந்து ஒரு நிரல் விவரம் கேட்டால் பதில் தருவது அதன் வேலை. முதலில் அந்த முறையைத் தேடிப் பிடித்து, "இதை நான் பயன்படுத்துகிறேன்" என்று குறித்துக்கொள்கிறது. பிறகு பதிலுக்காக ஒரு பொட்டலத்துக்கு நினைவகம் வாங்குகிறது. விவரங்களை நிரப்பும் வேலையை இன்னொரு செயற்கூறிடம் ஒப்படைக்கிறது. நிரப்பியதும் அனுப்பிவிடுகிறது.

நிரப்பும் வேலை தோற்றுவிட்டால்? குறியாக்க முறையின் மீது போட்ட குறியை மறக்காமல் நீக்கிவிட்டு, பிழை எண்ணைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறியது. பொட்டலத்தை மட்டும் விடுவிக்கவில்லை. இரண்டு பொருள்களை எடுத்த நிரல், தோல்வியின் பாதையில் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தது. திருத்தம் மிகச் சிறியது: பொட்டலத்தை விடுவிக்கும் ஓர் அழைப்பு, அதைச் சுற்றி ஒரு ஜோடி அடைப்புக்குறி.

இதைப் பார்த்ததும், அனுப்பும் படிக்குப் பிறகும் இப்படி ஒரு வரி வேண்டாமா என்று தோன்றும். அங்கே வேண்டாம். அனுப்பும் செயற்கூறிடம் பொட்டலத்தைக் கொடுத்த கணமே அதற்கான பொறுப்பும் கைமாறிவிடுகிறது. அனுப்புவது வென்றாலும் தோற்றாலும் விடுவிப்பது அதன் கடமை. ஆர்வக்கோளாறில் நாமும் ஒரு வரி சேர்த்தால் ஒரே இடம் இரண்டு முறை விடுவிக்கப்படும். இரண்டாவது விடுவிப்புக்குள் அந்த இடம் வேறு யாருக்காவது தரப்பட்டிருக்கலாம். அவருடைய இடத்தைப் பிடுங்கியதாகிவிடும். தாக்குதல்காரர்கள் தேடி அலையும் வாய்ப்பு அதுதான். கெர்னல் கசிவைத் திருத்துவதில் கடினமான பகுதி, அந்த வரியை எழுதுவது அல்ல. இந்தக் கணத்தில் இந்த நினைவகத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று ஐயமறத் தெரிந்துகொள்வதுதான். லினக்ஸ் கெர்னலின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியில் அந்தப் பொறுப்பை எங்கும் எழுதிவைக்க வழியில்லை. செயற்கூறின் விளக்கக் குறிப்பிலும் பழகியவர்களின் நினைவிலும்தான் அது இருக்கிறது.

அந்த ஆண்டில் இதே சாயலில் வேறு பல கசிவுகளும் பதிவாயின. பெரும்பாலானவை தோல்விப் பாதைகளில் இருந்தவை. அதில் வியப்பில்லை. வெற்றிப் பாதையில் கெர்னல் நாள் முழுக்க நடக்கிறது. அங்கே கசிந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். நினைவகம் கிடைக்காதது, வன்பொருள் பதில் சொல்லாதது போன்ற பாதைகளில் யாரும் நடப்பதே அபூர்வம். அதனால்தான் கெர்னல் எழுதுபவர்கள், ஒரு வரியிலிருந்து வேறொரு வரிக்குத் தாவவைக்கும், கல்லூரிப் பாடங்களில் வையப்படும் 'கோட்டூ' கட்டளையைப் பிடிவாதமாகப் பயன்படுத்துகிறார்கள். செயற்கூறின் கடைசியில் விடுவிப்புகளைத் தலைகீழ் வரிசையில் படிபோல அடுக்கிவைத்து, எந்தக் கட்டத்தில் தோற்றோமோ அதற்குரிய படியில் போய் இறங்குவார்கள். படித்துப் பார்த்தால் ஒழுங்கான முறைதான். நடுவில் புதிதாக ஒரு படி சேர்க்கும்போதுதான் தவறு நுழைகிறது.

நடக்காத பாதையில் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி? ஏஆர்எம் நிறுவனத்தைச் சேர்ந்த கேட்டலின் மரினாஸ் எழுதிய 'கே-மெம்லீக்' என்னும் கருவி 2009இல், லினக்ஸ் 2.6.31 பதிப்பில் சேர்ந்தது. அதன் உத்தி அழகானது. கெர்னல் வாங்கும் நினைவகத் துண்டுகளை அது குறித்துவைத்துக்கொள்கிறது. எந்த அழைப்புகளின் வழியாக வாங்கப்பட்டது என்பதையும் சேர்த்து. பிறகு பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை கெர்னலின் நினைவகத்தை வரிசையாகப் படிக்கிறது. ஒரு துண்டின் முகவரி எங்காவது எழுதப்பட்டிருந்தால் அது யாருக்கோ வேண்டியிருக்கிறது. எங்குமே இல்லையென்றால், அதை விடுவிக்க இனி யாராலும் முடியாது, அது கசிவு. சிரமப்பட்டுத் தோல்விப் பாதைகளில் கெர்னலைத் தள்ளுவதற்கு கூகுளின் 'சிஸ்காலர்' போன்ற கருவிகள் இருக்கின்றன. விதவிதமான அழைப்புகளைத் தாறுமாறாகக் கலந்து கெர்னல்மீது வீசி, கே-மெம்லீக்கிடம் விளைவைக் கேட்கின்றன.

கே-மெம்லீக்குக்கும் எல்லை உண்டு. ஏதோ ஓர் எண் தற்செயலாக முகவரிபோல அமைந்தால் உண்மைக் கசிவு தப்பிவிடும். அதைவிடத் தந்திரமானது, முகவரி பத்திரமாக இருந்தும் பொருள் என்றைக்குமே விடுவிக்கப்படாத நிலை. பல இடங்களில் பகிரப்படும் பொருளுக்கு கெர்னல் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். பயன்படுத்த வருபவர் ஒன்று கூட்ட வேண்டும். போகிறவர் ஒன்று கழிக்க வேண்டும். பூஜ்யமானால் பொருள் விடுவிக்கப்படும். யாராவது கழிக்க மறந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரவே வராது.

அந்த மறதி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது சி.வி.இ-2016-0728. கடவுச்சாவிகளைக் காக்கும் 'கீரிங்' பகுதியில், ஒரு நிரல் தான் ஏற்கெனவே வைத்திருக்கும் கீரிங்கிலேயே மறுபடி சேரக் கேட்டால், எண்ணிக்கை ஒன்று கூடியது. கழிக்கும் வரி இல்லை. 3.8 பதிப்பிலிருந்து இருந்த குறை இது. 2016 ஜனவரியில் பெர்செப்ஷன் பாயிண்ட் என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எண்ணிக்கை 32 பிட் அளவுடையது. 429 கோடிக்கும் சற்று அதிகமான முறை அதே கோரிக்கையை வைத்தால், மீட்டர் சுற்றி முடித்துப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். கெர்னல் அந்தக் கீரிங்கை யாருக்கும் வேண்டாததென்று விடுவிக்கும். நிரலோ இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். காலியான அந்த இடத்தில் தனக்கு வேண்டியதை எழுதிவைத்து, சாதாரணப் பயனர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். ஆய்வாளர்களின் சாதாரண இன்டெல் ஐ7 மடிக்கணினிச் சிப்பில் இதற்குச் சுமார் அரை மணி நேரம் பிடித்தது. அடைத்தது ஒரே ஒரு கழிக்கும் வரி.

அடுத்த ஆண்டு வந்த 4.11 பதிப்பில் எண்ணிக்கைகளுக்கென்றே 'ரெஃப்கவுண்ட்' என்ற புதிய வகை சேர்ந்தது. எண்ணிக்கை உச்சத்தைத் தொடும் சூழல் வந்தால் அது சுற்றிப் பூஜ்யத்துக்கு வராது; அங்கேயே உறைந்துவிடும். அந்தப் பொருள் இனி ஒருபோதும் விடுவிக்கப்படாது. அதாவது கெர்னல் தெரிந்தே அதைக் கசியவிடுகிறது. எனக்கு இந்த முடிவின்மேல் பெரிய மதிப்பு உண்டு. கசிவு கெட்டதுதான்; பயன்பாட்டில் இருப்பதை முன்கூட்டியே விடுவிப்பது அதைவிடப் பல மடங்கு கெட்டது. இரண்டில் ஒன்று என்றால் கசியட்டும்.

கசிவுத் திருத்தம் என்ற பெயரில் வரும் சிறு பேட்ச்களை கெர்னல் பராமரிப்பாளர்கள் சந்தேகத்தோடு படிப்பதும் அதனால்தான். மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், சில்லறைப் பிழைகளைத் திருத்துவதுபோலத் தோன்றும் பேட்ச்களுக்குள் புதிய ஓட்டைகளை மறைத்து, வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்து, அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 2021 ஏப்ரலில், கெர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேட்ச்களை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தார். அங்கிருந்து அதுவரை வந்திருந்த பேட்ச்கள் மறுபடி ஆராயப்பட்டன. மிகப் பெரும்பாலானவை சரியானவை என்று மே மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் தொழில்நுட்பக் குழு அறிக்கை தந்தது. உண்மையான திருத்தங்களையும் அவர்கள் நிறையவே அனுப்பியிருந்தார்கள். ஆனால் நம்பிக்கையில் ஓடும் ஒரு கூட்டு உழைப்பை அனுமதி கேட்காமல் சோதனைக்கூடமாக்கியது தவறு. பராமரிப்பாளர்களின் கோபம் நியாயமானது.

மறதியையே இல்லாமல் ஆக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. 2023இல் வந்த 6.5 பதிப்பில் பீட்டர் ஜைல்ஸ்ட்ரா என்னும் கெர்னல் நிரலாளர் ஒரு வசதியைச் சேர்த்தார். நினைவகம் வாங்கும் வரியிலேயே விடுவிக்கும் முறையையும் குறிப்பிட்டுவிட்டால், செயற்கூறை விட்டு எந்தப் பாதையில் வெளியேறினாலும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே விடுவிப்பைச் செருகிவிடும். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட் மொழிக்கும் கெர்னலில் இடம் உண்டு. பொறுப்பாளர் யார் என்பதை அந்த மொழியில் எழுதியே தீர வேண்டும். மாற்றி எழுதினால் கம்பைலர் ஏற்காது. ஆனால் கசிவே நேராது என்று ரஸ்ட்டும் உறுதி தருவதில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்கள் அங்கேயும் விடுபடாமல் கிடக்கலாம். விடுவித்த இடத்தைத் தொடக்கூடாது என்பதில்தான் அதன் கண்டிப்பு.

புதிய வசதியை எல்லோரும் கொண்டாடவும் இல்லை. தானாக விடுவிக்கும் அந்த முறையை டிரைவர்களில் நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று லினக்ஸின் நெட்வொர்க் பகுதிப் பராமரிப்பாளர்கள் தங்கள் வழிகாட்டுதலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். விடுவிப்பு எங்கே நடக்கிறது என்பது படிப்பவரின் கண்ணில் பட வேண்டும் என்ற கட்சி இன்னும் வலுவாக இருக்கிறது. அவர்களுடைய செயற்கூறுகளின் அடியில் 'கோட்டூ' படிகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு புதிய பேட்ச்சிலும் அந்தப் படிகளை மேலிருந்து கீழாக மனிதர்கள் எண்ணிச் சரிபார்க்கிறார்கள்.