அந்நியர் வந்தால் அமிலம் நிற்கும்

1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகர மருத்துவமனைக்கு எலும்பும் தோலுமாக ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். வயது 15 மாதம். உணவுக்குழாய் முழுதாக உருவாகாமல் பிறந்தவள் என்பதால், வயிற்றில் துளையிட்டு அதன் வழியே பால் ஊற்றி வளர்த்திருந்தார்கள். மருத்துவ உலகம் அவளை ‘மோனிகா’ என்று அறியும்.

அந்தத் துளையின் வழியே இரைப்பை நீரை எடுத்து அளக்கலாமே என்று யோசித்தார்கள் ஜார்ஜ் எங்கலும் அவருடைய சக மருத்துவர் ஃபிரான்ஸ் ரைக்ஸ்மனும். பழகிய மருத்துவர் அருகே வந்தால் மோனிகா சிரிப்பாள். அமிலம் நன்றாகச் சுரக்கும். கோபித்து அழும்போதும் சுரக்கும். முன்பின் தெரியாதவர் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டு கிடப்பாள். சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும். அந்த நேரத்தில் ஹிஸ்டமின் ஊசி போட்டும் பலனில்லை. அமிலத்தைச் சுரக்க வைப்பதற்கென்றே போடுகிற ஊசி அது! பழகிய முகம் திரும்பியதும் வயிறு மறுபடி வேலையைத் தொடங்கும்.

துக்கத்தில் சோறு இறங்காது என்பது ஊரறிந்த விஷயம்தான். அதைச் சோதனைக் குழாயில் பிடித்து அளந்ததுதான் புதிது.

எங்கல் 1913இல் நியூயார்க்கில் பிறந்தவர். அடிப்படையில் பொது மருத்துவர். மனம் உடலைப் பாதிக்கும் என்ற பேச்சை இளமையில் அவர் மதித்ததே இல்லை. மனநல மருத்துவர் ஜான் ரோமானோவின் நட்புதான் அவரை மாற்றியது. 1946இல் இருவரும் ராச்செஸ்டருக்கு வந்தார்கள். அங்கே மனநலம், பொது மருத்துவம் என இரு துறைகளிலும் எங்கல் பேராசிரியரானார்.

1963இல் அவருடைய இரட்டைச் சகோதரர் ஃபிராங்க் மாரடைப்பில் இறந்தார். அவரும் மருத்துவப் பேராசிரியர், வயது 49. பதினோரு மாதம் கழித்து ஜார்ஜுக்கும் மாரடைப்பு வந்தது. பிழைத்தார். தன்னையே நோயாளியாக வைத்துப் பின்னாளில் அதைப் பற்றி எழுதவும் செய்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு வேலை, திடீர் மரணச் செய்திகளைப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்துச் சேர்த்தது. 170 மரணங்களை வகை பிரித்து 1971இல் கட்டுரையாக்கினார். நெருங்கியவரின் சாவுச் செய்தி கேட்டு விழுந்தவர்கள், நினைவு நாளில் இறந்தவர்கள், ஆபத்து நீங்கிய பிறகு மாண்டவர்கள், மகிழ்ச்சி தாங்காமல் உயிர்விட்டவர்களும்கூட அதில் உண்டு. படிக்கச் சுவையானது. ஆனால் ஆதாரம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அதே செய்தியைக் கேட்டும் உயிரோடிருந்த ஆயிரமாயிரம் பேரைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்?

இப்படி எல்லை தாண்டியது இதோடு நிற்கவில்லை. பெருங்குடல் புண் நோய்க்குத் தாயுடனான உறவில் அவர் வேர் தேடினார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. இரைப்பைப் புண்ணுக்கும் மனக்கவலையைத்தான் வெகுகாலம் பழித்தார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்குக் காரணமான ஒரு பாக்டீரியாவைப் பிடித்துக் காட்டினார்கள்.

இருந்தாலும் எங்கல் திறந்த பாதை வீண்போகவில்லை. அவருடைய பல்கலைக்கழகத்திலேயே உளவியலாளர் ராபர்ட் ஏடரும் நோயெதிர்ப்பியலாளர் நிக்கோலஸ் கோஹனும் 1975இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலிகளுக்குச் சாக்கரின் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, கூடவே நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்தையும் செலுத்தினார்கள். பிறகு சாக்கரின் தண்ணீரை மட்டும் கொடுத்தபோதும் எதிர்ப்புரத உற்பத்தி குறைந்தது. நோயெதிர்ப்பு மண்டலம் தன்பாட்டுக்கு இயங்குகிறது, மூளைக்கு அதில் வேலையில்லை என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது.

நோயை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ‘சயின்ஸ்’ இதழில் எங்கல் வாதிட்டது 1977இல். இன்று அந்தச் சொற்றொடர் மருத்துவப் பாடநூல்களில் மனப்பாட வரியாகிவிட்டது. என்னைக் கேட்டால், அவருடைய சொத்து அந்த வரி அல்ல, மோனிகாவின் அளவுக் குறிப்புகள்தான். அவள் வளர்ந்தாள், அறுவை சிகிச்சையால் வாய்வழி உண்டாள், தாயானாள். தன் குழந்தைகளை அணைத்துப் பிடிக்காமல் மடியில் கிடத்தியே பால் புகட்டினாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் குழாயில் பால் ஊற்றியதும் அப்படிக் கிடத்தித்தான்.

நெஞ்சுவலி என்றால் முதலில் இசிஜி எடுங்கள். அதில் சமரசம் வேண்டாம். எடுத்த பிறகு, சமீபத்தில் வீட்டில் துக்கமோ இழப்போ நேர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.