மணப்பாட்டு மணலில் கோதுமை விளையுமா?



எங்க ஆச்சிக்குச் சர்க்கரை. அதனால் ராத்திரி சப்பாத்திதான். போன தை மாதம் ரேஷன் கோதுமையைச் சுளகில் புடைச்சிட்டிருந்தாங்க. "இதை நாமளே விளைய வச்சா என்ன ஆச்சி?" என்று கேட்டேன். "நம்ம மணல்ல பனையும் உடையுந்தான் மக்கா வரும். ஆசையா இருந்தா போட்டுப் பாரு" என்றாங்க.

பழைய பெயிண்ட் வாளியில் மணல், செம்மண், சாணம் கலந்து ஒரு பிடி விதைத்தேன். ஐந்தாறு நாளில் முளைத்தது! புல் மாதிரி வளர்ந்து பங்குனியில் கதிரும் விட்டது. ஆனால் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் எல்லாம் பதர்! தண்ணீர் ஊற்றாத நாளே கிடையாது. அப்புறம் ஏன்? தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

கோதுமை எங்கே பிறந்தது?

கோதுமை ஒரு புல் இனம். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய துருக்கி, சிரியா, ஈராக் பகுதிகளில் காட்டுப்புல்லாக இருந்ததை மனிதர்கள் பயிராக்கினார்கள். காட்டுக் கோதுமை பழுத்ததும் மணிகள் தானே உதிர்ந்துவிடும். உதிராமல் நின்ற கதிர்களை அறுத்து, அவற்றையே திரும்பத் திரும்ப விதைத்ததால் உதிராத கோதுமை உண்டானது. சிந்துவெளி நகரங்கள் எழும்புவதற்கு முன்பே, இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கரில் அது பயிரானது.

அதற்கு என்ன வேண்டும்?

1. ஈரம் தங்கி, தண்ணீர் தேங்காத வண்டல் மண்.
2. 50 முதல் 75 செ.மீ. மழை அல்லது பாசனம்.
3. எல்லாவற்றையும்விட முக்கியம், குளிர்ச்சியான நான்கு மாதம்.

மணி பால் பிடிக்கும்போது வெயில் 30 டிகிரிக்கு மேல் ஏறினால் பயிர் அவசரமாக முற்றி, மணி சுருங்கிவிடும். பஞ்சாபில் நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுக்கிறார்கள். நமக்கோ மார்கழியிலும் போர்வை தேவையில்லை! நானோ தை கடைசியில் விதைத்து, பங்குனி வெயிலில் கதிரை மாட்டிவிட்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டிலும் கோதுமைக்கு ஏற்ற குளிர் உண்டு. நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் இருக்கிறது. அந்த மலைக்குளிரில் கோதுமையைத் தாக்கும் துரு நோயும் பிழைத்திருக்கும். அதனால் நோயைத் தாங்கும் ரகங்களை அங்கே சோதித்து உருவாக்குகிறார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

2022 மார்ச்சில் வட இந்தியாவில் கடும் வெப்பம் வீசியது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் மணிகள் சுருங்கி, விளைச்சல் குறைந்தது. மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. என் வாளியில் நடந்ததுதான் அங்கே வயல் வயலாக நடந்திருக்கிறது.

இதை ஆச்சியிடம் சொன்னேன். "அங்க வெயில் கூடினா இங்க என் தட்டுல சப்பாத்தி குறையுமோ?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று முதல் தட்டில் மீதி வைப்பதை விட்டுவிட்டேன்.

வரும் ஐப்பசிக் கடைசியில், குளிர் வருமுன்னே, திரும்ப விதைக்கப் போகிறேன். பத்து மணி கிடைத்தாலும் வகுப்புக்குக் கொண்டு வந்து காட்டுவேன். நீங்களும் ஒரு வாளியில் போட்டுப் பாருங்களேன்!

– எட்டாம் வகுப்பு மாணவி