கத்தரிக்கோலையே கட்டிப் போடும் கில்லாடிப் புழு!

உங்க வீட்டுல ஒருத்தன் வாடகையே கொடுக்காம ஆறு, எட்டு வருஷம் குடியிருக்கான். உங்களுக்கும் தெரியலை, வாட்ச்மேனுக்கும் தெரியலை. நம்ப முடியுதா? யானைக்கால் நோயைக் கொண்டுவர்ற ஃபைலேரியா புழு அதைத்தான் செய்யுது!

கொசுக்கடி வழியா உடம்புக்குள்ள நுழையற இந்தப் புழு, நிணநீர்க் குழாய்கள்ல குடும்பம் நடத்தும். அதோட குட்டிகள் ராத்திரியானா ரத்தத்துல ஊர்வலம் போகும். நிணநீர் மண்டலம்தான் நம்ம எதிர்ப்பு சக்தியோட போலீஸ் ஸ்டேஷன். ஸ்டேஷனுக்குள்ளேயே திருடன் தங்கறான்னா, எப்படி பாஸ்?

நோட்டீஸ் போர்டுல போட்டோ!

நம்ம ரத்தத்துல இருக்கற 'பி' செல், அந்நியப் புரதம் சிக்கினா உள்ளே இழுத்து, துண்டு துண்டா நறுக்கும். ஒரு துண்டை எடுத்துத் தன் வெளிச்சுவர்ல மாட்டி வைக்கும். தேடப்படும் குற்றவாளியோட போட்டோ மாதிரி! அதைப் பார்த்துத்தான் 'டி' செல் உஷாராகும்.

நறுக்கறது புரோட்டியேஸ் என்ஸைம்களோட வேலை. அதுல ஒரு கத்தரிக்குப் பேரு ஏ.இ.பி. பருப்பு வகை விதைகள்லயும் இருக்கறதால 'லெகுமெய்ன்'னு இன்னொரு பேரு. கண்ட இடத்துல கை வைக்காது. புரதச் சங்கிலியில அஸ்பரஜின்ங்கற அமினோ அமிலம் வந்தா, பெரும்பாலும் அதை ஒட்டித்தான் ஒரே வெட்டு! டெட்டனஸ் நச்சுப் புரதத்தை வெட்டத் தொடங்கறதே இந்தக் கத்தரிதான்னு 1998-ல தெரிய வந்தது.

ஒரு ஆள், ரெண்டு கை!

புரூஜியா மலாயிங்கற ஃபைலேரியா புழு சுரக்கற ஒரு புரதத்துக்குப் பேரு சி.பி.ஐ-2. கட்சியும் இல்ல, டில்லி போலீஸும் இல்ல! கத்தரியோட வாய்க்குள்ள ஆப்பு வைக்கற சிஸ்டாட்டின் வகைப் புரதம். எடின்பரோ, டண்டீ விஞ்ஞானிகள் இதை மனித 'பி' செல்களோட சேர்த்துப் பார்த்தாங்க. டெட்டனஸ் துண்டுகள்ல சிலது சுவருக்கு வர்றது ரொம்பவே குறைஞ்சுபோச்சு! இது 2001-ல வெளியான முடிவு.

இந்தப் புரதத்துக்கு ரெண்டு கை. ஒண்ணு கதெப்சின்ங்கற கத்தரிகளை அமுக்குது, இன்னொண்ணு ஏ.இ.பி-யை. இரண்டாவது கையில 77-வது இடத்துல இருக்கற ஒரே ஒரு அஸ்பரஜினை மாத்தினா போதும்... ஏ.இ.பி. தப்பிச்சுடுது, கதெப்சின் வகைக் கத்தரிகள் மேல இருக்கற பிடி கொஞ்சம்தான் குறையுது!

இந்தப் புழுவுக்கு மண்ணுல சுதந்திரமா வாழற ஒரு சொந்தக்காரன் உண்டு, சி. எலிகன்ஸ். அதோட சிஸ்டாட்டின்களால ஏ.இ.பி-யைத் தொட முடியலைன்னு 2005-ல சொன்னாங்க. பதுங்கி வாழத் தேவையில்லாதவனுக்கு அந்தக் கை எதுக்கு?

இதுல இன்னொரு கூத்து. நம்ம உடம்புலயே சிஸ்டாட்டின் சி-ன்னு ஒரு புரதம் இதே மாதிரி ரெண்டு கையோட இருக்கு. ஆக, நம்ம வீட்டுப் பூட்டை வெச்சே நம்ம கத்தரியைப் பூட்டறான் திருடன்!

'எனக்குத்தான் ஒண்ணுமில்லையே!'

புழுகிட்ட இருக்கற தந்திரம் இது ஒண்ணு மட்டும் இல்ல. ஆனா, எல்லாத் தந்திரமும் சேர்ந்து கொடுக்கற ரிசல்ட் ஒண்ணுதான்: புழு உள்ளே இருந்தும் பல பேருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. அவங்களைக் கடிச்ச கொசு, அடுத்த வீட்டுக்குப் பார்சல் கொண்டு போகும்.

2004-லிருந்து இந்தியாவுல நோய் பரவின மாவட்டங்கள்ல வீடு வீடா மாத்திரை கொடுக்க ஆரம்பிச்சாங்க. 'கால் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்திரை?'ன்னு ஜன்னல் வழியா வீசினவங்க உண்டு. கால் வீங்கி முத்தினப்புறம் மாத்திரையால பழைய காலைத் திருப்பித் தர முடியாது. ரத்தத்துல சுத்தற குட்டிகளை அழிச்சு, கொசுவுக்குப் பார்சல் கிடைக்காம பண்றதுதான் அதோட முக்கிய வேலை. இப்படி மாத்திரை கொடுத்தே ஜெயிச்ச இலங்கைக்கு 2016-ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்துச்சு.

அதனால ஃப்ரெண்ட்ஸ்... உங்க ஊருக்கு மாத்திரையோட ஆள் வந்தா, கர்ப்பிணிகள், ரெண்டு வயசுக்குக் குறைஞ்ச குழந்தைகள், கடுமையான நோயாளிகள் தவிர மத்தவங்க அங்கேயே போட்டுக்கங்க. 'எனக்கு ஒண்ணுமில்லை'ன்னு நீங்க நினைக்கணும்கறதுதான் அந்தப் புழுவோட பிளானே!